எந்த ஆளுங்க நீங்க?

வெண்ணந்தூரில் எனக்கு நாலு போர்ஷன் இருக்கிறது. ஒன்றில் நான் குடியிருக்கிறேன், மூன்றை வாடகைக்கு விட்டிருக்கிறேன். நான் அருந்ததியன். அரசு பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டயர் கழற்றி மாட்டிய கை இது. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில், காலனியும் ஊரும் முட்டிக்கொள்ளும் ரோட்டோரத்தில் கட்டிய வீடு. இதைச் சொன்னால் நம் தோழர்களில் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. "அண்ணன் இப்ப வீட்டுக்காரரு, பாத்துப் பேசுங்கப்பா" என்கிறார்கள். தலித் அரசியல் என்றால் நிலம், கூலி, கோயில், சுடுகாடு, டீக்கடை டம்ளர். வாடகை வீடு நடுத்தர வர்க்கத்துத் தலைவலி, அதை எதுக்கு இங்கே இழுத்துட்டு வர்றே என்பது அவர்கள் நினைப்பு.

அந்த நினைப்போடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். டம்ளருக்குப் போராடினோம். தெருவில் செருப்புப் போட்டு நடக்கப் போராடினோம். தேர் வடம் பிடிக்கப் போராடினோம். வாடகை வீட்டு வாசலில் கேட்கிற ஒரு கேள்விக்கு மட்டும் எங்கள் பக்கம் ஒரு துண்டறிக்கைகூட வந்து நான் பார்க்கவில்லை. ஆனால் படித்து, வேலை வாங்கி, சேரியை விட்டு வெளியே கால் வைக்கிற ஒவ்வொரு தலித் பையனும் பெண்ணும் முதலில் முட்டிக்கொள்வது அந்த வாசலில்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரலாம், ஆபீசில் பக்கத்து மேஜையில் எழுதலாம். சாயங்காலம் ஆனால் எங்கே போய்ப் படுப்பது?

எங்கள் பக்கத்து சனம் மரியாதையான சனம். நேராக 'நீ என்ன சாதி' என்று கேட்டுவிடாது. "எந்தூருங்க?" என்று ஆரம்பிக்கும். ஊரைச் சொன்னால், "அங்க எந்தப் பக்கமுங்க?" பக்கத்தைச் சொன்னால், "அங்க நம்ம இன்னாரைத் தெரியுமுங்களா?" அதற்கும் தப்பித்தால், "குலசாமி எதுங்க?" கவுண்டர் வீடாக இருந்தால் "என்ன கூட்டமுங்க?" முதலியார் வீடாக இருந்தால் பங்காளி வகையறா விசாரிப்பு. எதற்கும் பிடி கொடுக்காமல் நின்றால் கடைசியில் ஒரு பெருமூச்சோடு வரும்: "தப்பா நெனச்சுக்காதீங்க, எந்த ஆளுங்க நீங்க?"

பதில் வந்த மறுநிமிஷம் என்ன நடக்கும் என்று இதைப் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். அதுவரை காலியாக இருந்த வீட்டுக்கு நேற்றே ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்திருப்பார். இல்லாவிட்டால் தங்கச்சி மகன் சேலத்தில் இருந்து குடிவரப் போகிறான். இல்லாவிட்டால் 'வீட்டுக்காரம்மாவைக் கேட்டுச் சொல்றேன்'. 'வீடு வாடகைக்கு' என்ற அட்டை மட்டும் அடுத்த மாசமும் அதே கம்பியில் தொங்கும்.

இது வெண்ணந்தூர் புத்தி, பட்டிக்காட்டுப் புத்தி என்று நினைக்க வேண்டாம். சுகதேவ் தோரட்டும் அவருடைய கூட்டாளிகளும் டெல்லியிலும் அதைச் சுற்றிய நகரங்களிலும் வாடகைச் சந்தையைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2015இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் வந்தது. மேல்சாதிப் பெயரில் ஒருவர், தலித் பெயரில் ஒருவர், முஸ்லிம் பெயரில் ஒருவர் என்று வீடு கேட்கவைத்தார்கள். மேல்சாதிப் பெயருக்குக் கதவு திறந்தது. தலித் பெயருக்கு மறுப்பு, அல்லது கூடுதல் வாடகை, கூடுதல் நிபந்தனை. முஸ்லிம் பெயருக்கு அதைவிட மோசம். டெல்லியில் பெயரைக் கேட்டே தெரிந்துகொள்கிறார்கள். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி வால் இல்லை. அதனால் இங்கே விசாரணை நீளமாகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆதார் அட்டையில் முகவரி இருக்கிறதே, அது போதும். 2025 ஏப்ரலில் முதலமைச்சராக இருந்த ஸ்டாலின், 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளில் இருந்து நீக்குவோம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது, நீக்கட்டும். பெயர்ப் பலகையை மாற்றலாம். பலகைக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவன் யார் என்று ஊருக்குத் தெரியாதா?

*

இப்போது வீட்டுக்காரனாகப் பேசுகிறேன். இந்தத் தொழிலுக்குள் இருக்கிறவன் என்பதால், இந்தத் தொழிலின் பொய்கள் எனக்குத் தெரியும்.

வாடகைக்கு வீடு விடுகிறவனுக்கு என்ன பயம்? வாடகை பாக்கி விழும் என்று ஒரு பயம். கரண்ட் பில் சண்டை அடுத்தது. போர்ஷனுக்கு ஒரு மீட்டர் வாங்க வக்கில்லாமல், மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே மீட்டர் வைத்துக்கொண்டு, யூனிட்டுக்கு இவனாக ஒரு ரேட்டுப் போட்டு வசூல் பண்ணுகிற வீட்டுக்காரன் எத்தனை பேர்! 2016இல் வீடுகளுக்கு இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு கொடுத்ததே, அது குடித்தனக்காரன் வீட்டு விளக்குக்குப் போகவில்லை, வீட்டுக்காரன் பைக்குப் போனது. பிறகு மோட்டார் காயில் போகும். தண்ணித் தொட்டியில் பாசி பிடிக்கும். சுவரில் ஆணி அடிப்பார்கள், காரை பேந்து வரும். காலி பண்ணும்போது வெள்ளையடிக்கிற செலவு யாருடையது என்று வாய்த்தகராறு வரும். செப்டிக் டேங்க் நிறையும். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், போகச் சொன்னால் போகாமல் உட்கார்ந்துகொள்வான் என்பது.

இந்தப் பட்டியலை மறுபடியும் மேலிருந்து கீழே படியுங்கள். இதில் சாதி எங்கே இருக்கிறது? மோட்டார் காயில் சாதி பார்த்தா எரிகிறது? என் போர்ஷன்களில் இருந்து போனவர்கள், இருப்பவர்கள் எல்லாச் சாதியிலும் உண்டு. தேதி தவறாமல் வாடகை கொடுத்தவர்களும் எல்லாச் சாதியிலும் உண்டு. மூன்று மாசம் இழுத்தடித்தவர்களும் எல்லாச் சாதியிலும் உண்டு. குடிவருகிறவரிடம் நான் கேட்பது நாலே நாலு: எத்தனை பேர் இருப்பீங்க? என்ன வேலை? வாடகை எந்தத் தேதி தர முடியும்? அவசரம் என்றால் யாருக்குப் போன் போட வேண்டும்? வீடு விடுவதற்கு ஐந்தாவது கேள்வி தேவையில்லை. ஐந்தாவது கேள்வியைக் கேட்கிறவன் வாடகைத் தொழில் செய்யவில்லை, சாதித் தொழில் செய்கிறான்.

இன்னொரு சங்கதியும் சொல்ல வேண்டும். உலகம் பூராவும் வீட்டுக்காரன் மேலே, குடித்தனக்காரன் கீழே. வர்க்கம் பேசுகிற தோழர்களின் கணக்கும் அதுதான். இங்கே வந்து பாருங்கள். என் வீட்டைப் பார்க்க வருகிறவர்கள், அறையைப் பார்த்து, தண்ணியைப் பார்த்து, எல்லாம் பிடித்துப்போய், கடைசியில் "வீட்டுக்காரரு யாருங்க?" என்று என்னிடமே கேட்பார்கள். "நான்தாங்க." ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பிறகு "வந்து சொல்றோம்." வரமாட்டார்கள். வேறு வழியில்லாமல் குடிவந்த ஒரு குடும்பம் இரண்டு வருஷம் இருந்தது. அந்த வீட்டு ஆம்பளை மாசாமாசம் வாடகைப் பணத்தை என் கையில் கொடுத்ததில்லை. திண்ணையில் வைத்துவிட்டு, "வெச்சிருக்கேன், எடுத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போவார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். என் வீடு, என் திண்ணை, என் பத்திரம். ஆனாலும் என் கையில் தீட்டு. ஒரு மாசம் பாக்கி விழுந்து நான் கேட்கப் போனபோது, "நாலு செவுரு கட்டிட்டா பெரிய ஆளாயிட்டயா?" என்றார். சொத்து வந்தால் சாதி கரையும் என்கிறவர்கள் அந்தத் திண்ணைக்கு வந்து பதில் சொல்லட்டும்.

*

அவர்கள் சொல்லும் சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

'கறி வாசம் ஆகாது.' ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பக்கத்துக் கறிக்கடை வரிசையில் வந்து நில்லுங்கள். யார் யார் தூக்குப் போசியோடு நிற்கிறார்கள் என்று பாருங்கள். நாமக்கல் மாவட்டம் முட்டைக்கும் கோழிக்கும் பேர் போன மாவட்டம். பண்ணை வைத்திருக்கிறவன் வீட்டிலும் 'சைவம் மட்டும்' என்று அட்டை தொங்குகிறது. அந்த அட்டை சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை. ஆளைக் கேட்காமலே ஆளை வடிகட்டுகிற சல்லடை அது. பிடிபட்டால், "ஆடு கோழி பரவால்லீங்க, அந்தக் கறிதான்..." என்று இழுப்பான். சல்லடையின் கண் எந்த அளவு என்று அப்போது தெரிந்துவிடும்.

'சுத்தமா இருக்க மாட்டாங்க.' இதைச் சொல்கிற வாய்க்கு வெட்கமே கிடையாதா? பேரூராட்சித் தெருவை விடியற்காலையில் யார் கூட்டுகிறார்கள்? அவன் வீட்டு செப்டிக் டேங்க் நிறைந்தால் யாரைத் தேடி எங்கள் தெருவுக்கு ஆள் அனுப்புகிறான்? மனிதரை மலக்குழியில் இறக்கக்கூடாது என்று 2013இல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் தமிழ்நாட்டில் நம் பிள்ளைகள் அந்தக் குழிகளில் விஷவாயுவில் செத்திருக்கிறார்கள். வீட்டுக்குள்ளே விடமாட்டேன் என்கிறவன் வீட்டுக்கு அடியில் இறங்கச் சொல்கிறான். அவன் சுத்தத்தின் கணக்கு இவ்வளவுதான்.

'எனக்கு ஒண்ணும் இல்லீங்க, அக்கம்பக்கம் ஒத்துக்காது.' 'எனக்கு ஒண்ணும் இல்லீங்க, வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க.' இந்த இரண்டும் அண்ணன் தம்பி. சாதியைத் தான் கடைப்பிடிப்பதாக எவனும் ஒத்துக்கொள்வதில்லை. எப்போதும் பக்கத்து வீட்டுக்காரன்தான் கடைப்பிடிக்கிறான். பக்கத்து வீட்டுக்காரனைப் போய்க் கேட்டால் அவன் இவனைக் கை காட்டுகிறான்.

இது பழைய பாட்டு. 1917இல் அம்பேத்கர் பரோடாவுக்குப் போனார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, லண்டனில் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, உதவித்தொகை கொடுத்த சமஸ்தானத்தில் வேலை பார்க்கப் போனவர். தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கும்பல் வந்து வெளியேறச் சொன்னது. இரண்டு நண்பர்களைக் கேட்டார். ஒருவர் இந்து; நீங்கள் வந்தால் வீட்டு வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். இன்னொருவர் கிறிஸ்தவர், மனைவியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அந்தக் கணவன் மனைவி இருவரும் பிராமணராக இருந்து மதம் மாறியவர்கள். அம்பேத்கர் ஒரு பொதுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். வேலை போனது. இதை அவரே எழுதிவைத்திருக்கிறார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. 'வீட்டுல கேட்டுச் சொல்றேன்' மட்டும் மாறவில்லை. வாடகை வீடு அற்ப விஷயம் என்று சிரிக்கிற தோழர்களே, பாபாசாகேப்பைப் பரோடாவை விட்டுத் துரத்தியது எது? கோயில் கதவா, கிணற்றுக் கயிறா? ஒரு வாடகை அறை!

*

மிச்சம் இருப்பது அவர்களுடைய கடைசி ஆயுதம்: 'என் வீடு, என் உரிமை. நான் யாருக்கு விடுவது என்று நீ யார் சொல்ல?'

இந்த உரிமையின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்ப்போம். நம் பாட்டன் பூட்டன் குடியிருந்த சேரி மண் யாருடையது? மிராசுதார் தன்னுடையது என்றான். கூலி குறைவு என்று வாய் திறந்தால் 'மனையைக் காலி பண்ணு' என்றான். குடிசையும் கூலியும் ஒரே கையில் இருந்தன. வேலையை விட்டால் வீடு இல்லை. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கை இந்த நிலைமையைத்தான் வெள்ளைக்கார அரசுக்கு எழுதிக் காட்டியது. அதன் தொடர்ச்சியாக 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. மனைக்காக மட்டும் சுதந்திரத்துக்குப் பிறகும் காத்திருக்க வேண்டியிருந்தது. பண்ணை நிலத்தில் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளிக்குக் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1971இல்தான் வந்தது. அதுவரை நாம் எல்லோரும் குடித்தனக்காரர்கள், வாடகையை உடம்பால் கட்டியவர்கள்.

அந்தக் கட்டு அறுந்துவிட்டதா? பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறிப் பட்டறைகளில் முன்பணத்துக்குப் 'பாக்கி' என்று பெயர். தறி ஓட்ட வருகிற குடும்பம் பாக்கி வாங்கிக்கொண்டு பட்டறைக்காரர் லைன் வீட்டில் குடியேறும் வழக்கம் உண்டு. தறியை விட்டால் வீட்டையும் விட வேண்டும், பாக்கியையும் வைத்துவிட்டுப் போக வேண்டும். வேலை கொடுக்கிறவனே வீடு கொடுக்கிற இடத்தில் தொழிலாளி எப்படி நிமிர்ந்து பேசுவான்? அந்த லைன் வீட்டை விட்டு ஊருக்குள் தனியாக ஒரு வீடு பிடிக்க முடிந்தால் பேசுவான். அதைத்தான் 'எந்த ஆளுங்க' என்ற கேள்வி அடைத்துவைக்கிறது. கூலி வேறு, வாடகை வேறு என்று பிரிக்கிற தோழர்கள் இந்த முடிச்சைப் பார்க்க வேண்டும். சேரிக்கு வெளியே வீடு கிடைக்காதவன் சேரிக்கு வெளியே வேலையும் தேட முடியாது.

ஆகவே 'என் வீடு என் உரிமை' என்பது ஏதோ நேற்று முளைத்த அப்பாவிச் சொத்துரிமை அல்ல. நம்மைக் கட்டிப்போட்ட பழைய கயிற்றின் புது முனை அது.

*

சட்டம் என்ன சொல்கிறது? நம் மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, வீட்டுக்காரர், வாடகைதாரர் உரிமைகளுக்கும் பொறுப்புகளுக்கும் 2017இல் தமிழ்நாடு புதுச் சட்டம் இயற்றியது. 2019 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகார அலுவலரிடம் பதிய வேண்டும். குடியிருப்பு வீட்டுக்கு அட்வான்ஸ் மூன்று மாச வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. தகராறு வந்தால் தண்ணியையும் கரண்டையும் நிறுத்தக்கூடாது. சட்டத்தில் சொன்ன காரணம் இல்லாமல் வெளியேற்றக்கூடாது. எல்லாம் சரி. எங்கள் பக்கம் இதைப் பதிகிற வீட்டுக்காரன் யார் என்று கேட்காதீர்கள். நான் பதிந்தபோது கூட்டத்தில் என்னை வேடிக்கை பார்த்தார்கள். என் சண்டை அது அல்ல. இந்தச் சட்டம் முழுக்க, வீட்டுக்குள் நுழைந்துவிட்டவனைப் பற்றிப் பேசுகிறது. வாசலில் நிற்கிறவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாதி எங்கே நிற்கிறதோ, சட்டம் அங்கே இல்லை.

அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், சாலை என்று அடுக்குகிறது. வாடகை வீடு பெயர் சொல்லி அதில் இல்லை. ஆனால் அந்தப் பிரிவு 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் விவாதத்துக்கு வந்தபோது, 'கடை' என்ற சொல்லுக்கு எது வரை பொருள் என்று கேட்டார்கள். கேட்டு வருகிறவர்களுக்குத் தன் சேவையைத் தர உரிமையாளன் தயாராக இருக்கிற இடம் எல்லாமே கடைதான் என்ற பொருளில் அம்பேத்கர் பதில் சொன்னார். அந்த விரிந்த பொருளை 2011இல் உச்ச நீதிமன்றம் ஒரு மருத்துவக் கல்லூரி வழக்கில் எடுத்தும் ஆண்டது. 'வீடு வாடகைக்கு' என்று தெருவைப் பார்த்து அட்டை தொங்கவிட்டவன் என்ன செய்கிறான்? கடை திறந்து வைத்திருக்கிறான். கடை திறந்தவன் வாடிக்கையாளனின் குலசாமியைக் கேட்க முடியாது.

1955ஆம் வருஷத்துக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு இன்னும் தெளிவு. எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீட்டைக் கட்டவோ, வாங்கவோ, அதில் குடியிருக்கவோ தீண்டாமையின் பேரில் தடை செய்வது குற்றம் என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் வருஷத்துத் திருத்தம் சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றம் ஆக்கி, ஒருவரோடு வியாபாரம் செய்ய மறுப்பதையும் அந்த வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. வாடகை வியாபாரம் இல்லையா? ஆக ஆயுதம் அடியோடு இல்லாமல் இல்லை. அது வாடகை வீட்டுக்கும் பொருந்தும் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும், கோர்ட்டில் வாதாட வக்கீல் வேண்டும்.

எதிர்ப்பக்கமும் சும்மா இல்லை. 2005இல் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், உறுப்பினராகப் பார்சிகளை மட்டும் சேர்க்கலாம் என்ற சங்க விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இன்றைக்குப் பார்சிக்கு என்றால், நாளைக்கு எங்கள் பக்கம் 'கூட்டம்' பார்த்து மனை பிரிக்கிறவனுக்கும் அது கைத்தடி ஆகாதா?

வெளியே பாருங்கள். அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில், நிறம் பார்த்து வீடு மறுப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. பிரிட்டனிலும் அதே 1968இல் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வீட்டுக்கும் நீண்டது. அமெரிக்கச் சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. நாலு குடித்தனம் வரை உள்ள கட்டடத்தில் வீட்டுக்காரனும் ஒரு பகுதியில் குடியிருந்தால் அந்தச் சட்டத்திலிருந்து அவனுக்கு விலக்கு. ஆனால் 'இன்னாருக்கு இல்லை' என்று விளம்பரம் போட அவனுக்கும் அனுமதி கிடையாது. நாலு போர்ஷன், ஒன்றில் வீட்டுக்காரன். அப்படியே என் கணக்கு! இங்கே அப்படி ஒரு சட்டம் வந்தால் முதலில் கேட்கப்போகிற விலக்கும் இதுதான்: 'சின்ன வீட்டுக்காரங்களை விட்டுடுங்க, பாவம்.' சின்ன வீட்டுக்காரனாகச் சொல்கிறேன், எனக்கு அந்த விலக்கு வேண்டாம். வெண்ணந்தூரிலும் ராசிபுரத்திலும் ஆட்டையாம்பட்டியிலும் பெரிய அடுக்குமாடியா வாடகைக்குக் கிடக்கிறது? இரண்டு போர்ஷன், மூன்று போர்ஷன், மாடியில் ஒரு அறை. சாதி குடியிருப்பது அங்கேதான். சின்ன வீட்டை விலக்கினால் தமிழ்நாட்டையே விலக்கியது மாதிரி.

*

நம் வீட்டுக்குள்ளும் பேச வேண்டியது இருக்கிறது. அரசு உத்தியோகத்தில் இருந்து வீடு கட்டிய நம் ஆட்களில் சிலர் என்ன செய்கிறார்கள்? பறையர் வீட்டுக்காரர் அருந்ததியருக்கு விடுவதில்லை. அருந்ததியர் வீட்டுக்காரர் குறவர் குடும்பத்துக்கு விட யோசிக்கிறார். அந்த 'எந்த ஆளுங்க?' நம் வாயிலும் நெளிகிறது. 2009இல் அருந்ததியருக்கு உள் ஒதுக்கீடு வந்தபோது நம்மில் எத்தனை உறவு முறிந்தது என்று தெரியும். இட ஒதுக்கீட்டுக் கணக்கு வேறு, வாசல்படி வேறு. மேடையில் தலித் ஒற்றுமை, வாசலில் உட்சாதி என்றால் அந்த மேடையைச் சாதி இந்து பார்த்துச் சிரிக்கமாட்டானா?

இன்னொரு பக்கம், "அண்ணே, நம்ம ஆளுங்களுக்கு மட்டும் வீடு விடுங்க, அவனுக எதுக்கு?" என்று கேட்கிற தம்பிகள் இருக்கிறார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. வீடு கிடைக்காமல் அலைகிற நம் பிள்ளைக்கு நான் முதலில் சாவி கொடுப்பேன், அதில் தயக்கமே இல்லை. ஆனால் ஊருக்குள் நமக்கு வீடு இல்லை என்பதற்குப் பதிலாக, நாமே நமக்கு ஒரு காம்பவுண்டு கட்டிக்கொண்டால் அதற்குப் பேர் என்ன? சேரிதான். கான்கிரீட் போட்ட சேரி. 1997இல் தொடங்கிய சமத்துவபுரத் திட்டத்தில் நூறு வீட்டில் நாற்பது நமக்கு, மீதி மற்றவர்களுக்கு என்று அரசு கலந்து கொடுத்தது. அரசு கட்டிய ஒரு மூலையில் சேர்ந்து வாழலாம், ஊர் தன் தெருவை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பதில் எனக்குத் திருப்தி இல்லை. ஊர்த் தெருவே திறக்க வேண்டும். சந்தையில் நம் காசும் காசாக வேண்டும்.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று. 2015 ஜூனில் திருச்செங்கோட்டில், உடன் படித்த ஆதிக்க சாதிப் பெண்ணோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்த ஓமலூர் தலித் மாணவர் கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022இல் மதுரை நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்டோருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2023இல் உயர் நீதிமன்றம் யுவராஜுக்கு அதை உறுதி செய்தது. பேசியதற்கே இது என்றால், சாதி விட்டுக் கல்யாணம் பண்ணிக்கொள்கிற பிள்ளைகளின் கதி என்ன? நம் இயக்கங்கள் அவர்களுக்கு மாலை எடுத்துக் கொடுக்கின்றன, பதிவு அலுவலகத்துக்குத் துணைக்குப் போகின்றன. சாயங்காலம்? கையெழுத்துப் போட்ட அன்றைக்கே அவர்களுக்கு வேண்டியது ஒரு சாவி. தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு. 'எந்த ஆளுங்க?' என்ற கேள்விக்கு அவர்களிடம் இரண்டு பதில் இருக்கிறது. அந்த இரண்டும் சேர்ந்ததுதான் அவர்கள் குற்றம். வீடு மறுக்கிற கை கத்தி எடுக்கவில்லை, சரி. ஆனால் கத்தி தேடி வருகிறபோது அந்தப் பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டில் நிற்பது இந்தக் கையால்தான். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் "எதுக்குங்க வம்பு" என்கிறார்கள். வம்பு யார் செய்கிறான், யார் செத்துக்கொண்டிருக்கிறான் என்று பார்த்துப் பேச வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். 2017ஆம் வருஷத்துச் சட்டத்தைத் திருத்த வேண்டும். சாதி, மதம் பார்த்து வீடு மறுப்பதும், சாதியைக் கேட்பதும், அதற்காக வாடகையை ஏற்றுவதும் குற்றம் என்று அதில் எழுத வேண்டும். வீட்டுக்காரன், புரோக்கர், விளம்பரம் போடுகிறவன் மூவரும் அதில் வர வேண்டும். சின்ன வீட்டுக்கு விலக்கு கூடாது. 2021இல் அமைந்த மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம், தோரட் குழு செய்ததைப் போல ஆள் அனுப்பிச் சோதித்து, ஊர் ஊராக அறிக்கை போட வேண்டும்.

அரசு செய்யும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. மறுக்கப்பட்ட ஒவ்வொரு வீட்டையும் தேதி, தெரு, சொன்ன காரணம் என்று மாணவர்கள் ஒரு நோட்டில் எழுதுங்கள். வெட்கம் நமக்கில்லை, மறுத்தவனுக்கு. நாலைந்து பேர் சேர்ந்து ஒரே வீட்டுக்குத் தனித்தனியாகப் போய்க் கேளுங்கள். யாருக்கு 'காலி', யாருக்கு 'இல்லை' என்று பதில் வருகிறது எனக் குறியுங்கள். வக்கீல் தோழர்கள் அந்த நோட்டை 1955 சட்டத்தோடு சேர்த்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோங்கள். வீடு வைத்திருக்கும் நம் ஆட்கள், ஊருக்கு ஒரு போர்ஷனாவது சாதி விட்டுக் கல்யாணம் செய்த பிள்ளைகளுக்கு முதலில் என்று ஒதுக்குங்கள். ஒப்பந்தத்தைப் பதியுங்கள், மூன்று மாசத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்காதீர்கள், போர்ஷனுக்கு ஒரு மீட்டர் போடுங்கள். நல்ல வீட்டுக்காரனாக இருப்பதும் போராட்டம்தான். மற்றவனைக் கேள்வி கேட்க நமக்கு அந்தத் தகுதி வேண்டும்.

தெருவை வாங்கினோம், கிணற்றை வாங்கினோம், பள்ளிக்கூடத்தை வாங்கினோம். எதையும் எவனும் மனமிரங்கிக் கொடுக்கவில்லை. வாசல்படியையும் அப்படித்தான் வாங்கியாக வேண்டும்.